கண்டியிலிருந்து என்னைப் பார்க்க வந்தார்கள்

மாகாண விளையாட்டுப் போட்டியில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் நான் மூன்றாவதாக வந்தேன். முன்னால் போன இரண்டு பேரும் சப்பாத்து போட்டிருந்தார்கள், நான் வெறுங்கால். அதைப் பார்த்துவிட்டு, கண்டியில் ஒரு பெரிய மகளிர் கல்லூரியின் ஓட்ட அணிக்குப் பொறுப்பான ஜெகதீஸ்வரி டீச்சர் எங்கள் பாடசாலைக்குத் தகவல் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து அம்மா அப்பாவிடம் பேசுவாராம், இன்னொரு தடவை என்னை ஓடவிட்டுப் பார்ப்பாராம். சரிப்பட்டால் விடுதியில் இடம், உயர்தரப் படிப்பு எல்லாம் அங்கேயே.

இது 2003இல். சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். வட்டவளைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதற்கு மேல் வகுப்பு கிடையாது. கண்டி கிடைக்காவிட்டால், காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பேர் கொடுத்துக் கொழுந்தெடுக்கப் போகவேண்டியதுதான். கொழுந்தெடுப்பதை நான் குறைவாகச் சொல்லவில்லை. எனக்கு ஓட வேண்டும், அவ்வளவுதான்.

டீச்சர் எதற்கு வருகிறார் என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு பெண்ணைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆள் வந்தால் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரே ஒரு முறைதான் உண்டு. சனிக்கிழமையே வாசலுக்குச் சாணி தெளித்தாயிற்று. ஞாயிறு காலை பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வீரம்மா அக்காவின் கல்யாணச் சேலையை எனக்குக் கட்டி, தலை நிறையப் பூ வைத்தார்கள்.

"ஓடிக் காட்டணும்மா. சேலையில எப்புடி ஓடுறது?"

"வர்றவுங்க முன்னுக்குக் காச்சட்டையோட நிப்பியா? வளத்த லச்சணத்த என்னான்னு நினைப்பாங்க. தலைய நிமுத்தாத. கேட்டதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் வருகிறவர்களுக்காக அம்மா கிண்டி வைத்திருந்த கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பேசும்போது அப்பாவுக்கு எப்போதும் பார்க்க வேறு ஏதாவது கிடைத்துவிடும்.

வேனில் வந்து இறங்கிய டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த உடம்பு, அமைதியான முகம். நான் தட்டில் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். சேலையையும் பூவையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். வாசலைச் சுற்றி லயமே கூடி நின்றது.

"பிள்ளைக்குக் கலியாணம் ஏதும் பேசியிருக்கோ அம்மா?"

இல்லை என்று சொன்னால் மகளுக்கு வரன் வரவில்லை என்றல்லவா ஆகிவிடும். அம்மா விட்டுக்கொடுப்பாரா?

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. நல்ல எடமா வந்தா குடுக்க வேண்டியதுதான்."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "உமக்குக் கண்டிக்கு வர விருப்பமோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "அவளுக்கு என்னங்க தெரியும், நாங்க சொல்றதுதான்" என்றார். அடக்கமான பெண் என்று டீச்சர் மெச்சுவார் என்பது அம்மாவின் நினைப்பு. டீச்சர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். ஓடிக் காட்டச் சொல்லவேயில்லை.

"சரியம்மா. இதில வற்புறுத்த ஏலாது. பிள்ளை எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். நான் வாறன்."

வேன் புறப்பட்டது. "போய்ச் சொல்லி அனுப்புவாங்க" என்று அம்மா சந்தோஷமாகச் சொன்னார். சொல்லி அனுப்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தோட்டத்து ரோட்டு மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும். தேயிலைக்குள் நேராக இறங்கினால் கீழே பாலத்தடிக்கு வேனுக்கு முன்னால் போய்விடலாம். நான் சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினேன். "அடியேய்" என்று அம்மா கூப்பிட்டது கேட்டது. தண்ணீர் ஓடும் கானைத் தாண்டினேன், தேயிலை வாது காலெல்லாம் கீறியது, பூ எங்கே விழுந்ததென்று தெரியாது. அந்த மாகாணப் போட்டியில்கூட நான் அப்படி ஓடியதில்லை.

பாலத்தில் நடுரோட்டில் போய் நின்றேன். வேன் பிரேக் போட்டது. டீச்சர் இறங்கி மலையை அண்ணாந்து பார்த்தார், பிறகு என்னை.

"கல்யாணம் ஒன்னும் இல்ல டீச்சர். எனக்கு வரணும்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"முதல்ல மூச்சு எடும்" என்று தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். பிறகு என்னையும் ஏற்றிக்கொண்டு வேனைத் திருப்பச் சொன்னார்.

மேலே போனபோது கூட்டம் கலையாமல் நின்றது. நான் ஓடியதை அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். வீரம்மா அக்கா கிழிந்த முந்தானையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என் தோளிலேயே எடுத்துப் போட்டார். டீச்சர் அம்மாவிடம், "இப்ப நான் பிள்ளையை வடிவாப் பார்த்திட்டன். எங்களுக்கு வேணும், தருவீங்களோ?" என்று கேட்டார்.

அம்மா என் கால்களைப் பார்த்தார். கீறலில் ரத்தம் வந்திருந்தது. தன் முந்தானையால் துடைத்துவிட்டார், கண் கலங்கியிருந்தது.

"ஊரே பாக்க வேனுக்குப் பின்னால ஓடுனவள இனி எவன் வீட்டுல எடுப்பான்? நீங்களே வச்சுக்கங்க டீச்சர்."