ரெண்டு சக்கரத்தில் நிற்க வேண்டும்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு எதையும் கழற்றத் தெரியும். அந்த விஷயத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. துணி துவைக்கும் மெஷினைக் கழற்றியிருக்கிறார். புல் வெட்டும் மெஷினைக் கழற்றியிருக்கிறார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, பற்சக்கரங்களை அளவு வாரியாகத் துணியில் பரப்பி, சற்றுத் தள்ளி நின்று ரசித்தும் இருக்கிறார். திரும்ப மாட்டுவது மட்டும் அவருக்கு எப்போதும் அடுத்த வாரத்து வேலை. இப்படி அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்த சாமான்களெல்லாம் வீட்டின் பின்பக்க அறையில் குடியிருந்தன.

அவர் மனைவி பிசியோதெரபிஸ்ட். இடமில்லாத குறைக்கு, முட்டிவலிக்காரர்களைச் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் படுக்கவைத்துக் காலைத் தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். போன வாரம் ஒருவர் நல்ல முன்னேற்றம் கண்டு, எதிர்பார்த்ததைவிட வேகமாகக் காலைத் தூக்கினார். டிவி போயிற்று.

"அந்த ரூமை எனக்குக் குடுத்துடுங்க" என்றார் மனைவி.

"அது என் வொர்க்‌ஷாப்."

"வொர்க்குன்னு ஒண்ணு நடந்திருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன்."

"இப்ப ஒரு திட்டம் இருக்கு. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒண்ணு வாங்கப் போறேன். மண்ணுலயும் மேட்டுலயும் தாவி ஓடுமே, அந்தச் சின்ன வண்டி. வாங்கி, புதுசு மாதிரி ஆக்கப் போறேன். இது என் லட்சியம்."

"கடிகாரமும் லட்சியமாத்தான் இருந்துச்சு."

கடைசியில் தீர்ப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை இருட்டுவதற்குள் வண்டி முழுசாக, ரெண்டு சக்கரத்தில் நின்றுகொண்டு, வாசலைத் தாண்ட வேண்டும். தாண்டினால் அறை கணவருக்கு. தாண்டாவிட்டால் திங்கட்கிழமை தரை போடுகிறவர் வருவார், அறை முட்டிவலிக்கு.

"இன்னொண்ணு, அண்ணனையும் கூட்டிட்டுப் போங்க. உங்களைத் தனியா அனுப்புனா எவனாவது துருவை மூட்டை கட்டிக் குடுத்துடுவான்."

கண்ணாடிக்காரரின் மச்சானான அந்த அண்ணனுக்குக் குடும்பத்தில் 'மொத்த நஷ்டம்' என்று பெயர். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து மதிப்பீடு எழுதுவது அவர் வேலை. எந்த வண்டியைக் காட்டினாலும் அரை மணி நேரத்தில் அதற்குக் கருமாதி செய்துவிடுவார். தங்கையைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையையே முதலில் குனிந்து, கீழ்ப்பக்கம்தான் பார்த்தார் என்று இன்றுவரை பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை முதலில் போனது ஒரு ஜிம் மாஸ்டர் வீட்டுக்கு. வண்டி சிவப்பில் தகதகத்தது. ஒரே உதையில் கிளம்பி, நீலப் புகை விட்டு, குளவிக்கூட்டைக் கலைத்தது போலக் கத்தியது. கண்ணாடிக்காரர் அந்த இடத்திலேயே மனதைப் பறிகொடுத்தார். மச்சான் அந்த உதைக்கு முன்பே இன்ஜினை ஒரு விரலால் தொட்டுப் பார்த்திருந்தார்.

"நாங்க வர்றதுக்கு முன்னாடியே சூடா இருந்துச்சே, எப்படி?"

"வெயில்ல நிக்குதுல்ல சார்."

"கூரைக்குக் கீழ நிக்குது."

"காலையில ஒரு ரவுண்டு போனேன்."

"ஆறிக் கிடந்தா கிளம்பாதுன்னு எங்களுக்குத் தெரியக்கூடாதில்ல, அதுக்காகப் போனீங்க." மச்சான் டார்ச்சோடு தரையில் படுத்தார். "பெயின்ட்டுக்கு அடியில ஃபிரேம் உடைஞ்சு ஒட்டியிருக்கு மாப்பிள்ளை. அந்தக் கலருக்குத்தான் நீங்க பல்லைக் காட்டிட்டு நிக்கிறீங்க. மொத்த நஷ்டம். எந்திரிங்க, போலாம்."

படுத்திருந்தவர் மச்சான்தான். இருந்தாலும் கண்ணாடிக்காரர் கிளம்பினார்.

அடுத்தது ஒரு பேக்கரி. கடையின் பின்னால், மைதா மூட்டைகளுக்கு நடுவில், வண்டி என்று சொன்னால்தான் வண்டி என்று தெரிகிற ஒன்று நின்றது. மாவு படிந்து, பூரான் குடியேறி, டயர் இரண்டும் தட்டையாகிக் கிடந்தது. பேக்கரிக்கார அம்மா கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நான் ஓட்டுன வண்டிதான். சேத்துல விழுந்து பல்லு போச்சு, அப்புறம் தொடல. புது அடுப்பு வருது, எடம் வேணும். நீங்க எடுக்கலைன்னா நாளைக்குப் பழைய இரும்புக்காரர் எடுத்துக்குவார்."

கண்ணாடிக்காரர் மாவைத் துடைக்கத் துடைக்க அவருக்கு மூச்சு வாங்கியது. இன்ஜின் நம்பரும் ஃபிரேம் நம்பரும் ஒன்றுக்கொன்று பொருந்தின, எதையும் மாற்றவில்லை. எலியை விழுங்கிய பாம்பு மாதிரி நடுவில் உப்பிய அந்தக் காலத்துச் சைலன்சர், கம்பெனியில் மாட்டியது மாட்டியபடி இருந்தது. இப்போது தலைகீழாக நின்றாலும் அது எங்கும் கிடைக்காது. கிக்கரை உதைத்தால் மட்டும் இறங்கவில்லை. பிஸ்டன் உள்ளே இறுகிக் கிடந்தது. அது பரவாயில்லை, பிளக்கைக் கழற்றி எண்ணெய் ஊற்றிக் காத்திருந்தால் பெரும்பாலும் வழிக்கு வரும். இறுகியதை இளக்கலாம், தொலைந்ததை எங்கே போய்த் தேடுவது? பழைய வண்டி வாங்குகிறவன் மினுக்கைப் பார்க்கக் கூடாது, முழுமையைப் பார்க்க வேண்டும். இந்த ஞானம் ஜிம் மாஸ்டர் வீட்டில் எங்கே போயிருந்தது என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கண்ணாடிக்காரர் மச்சானின் காதில் கிசுகிசுத்தார். "இதுதான் மச்சான். கொஞ்சம் குறை சொல்லுங்க, விலை இறங்கட்டும்."

மழையைப் பார்த்துக் கொஞ்சம் ஈரமாக இரு என்று கேட்டுக்கொண்டதைப் போலத்தான் அது.

மச்சான் படுத்தார். டார்ச் எரிந்தது. கீழிருந்து குரல் மட்டும் வந்தது, ரயில்வே அறிவிப்பு மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல். "இன்ஜின் ஜாம். ஃபோர்க்ல எண்ணெய் இல்ல. செயின் கல்லாப் போச்சு. பிரேக் பிடிச்சா வண்டி நிக்காது, ஓட்டறவர்தான் நிப்பார், வேற எடத்துல. டேங்க்ல துரு. ஒயர் எல்லாம் எலி தின்னிருக்கு. இதுல ஒருத்தர் ஏறி உக்காந்தார்னா நான் அவர் வீட்டுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடுவேன்."

பேக்கரி அம்மாவின் முகம் வெளுத்தது. அது மாவு இல்லை.

"வேண்டாங்க. நான் விக்கல."

"என்ன வேண்டாம்?" என்றார் கண்ணாடிக்காரர்.

"இவ்வளவு ஆபத்தானதை இன்னொருத்தர் தலையில கட்ட மனசு வரல. இரும்புக்கே போட்டுடறேன். நல்ல வேளை, சாரைக் கூட்டிட்டு வந்தீங்க."

கண்ணாடிக்காரருக்கு அறை கண்முன்னே போய்க்கொண்டிருந்தது. "மச்சான், எழுந்து வந்து ஏதாவது நல்லதாச் சொல்லுங்க!"

மச்சான் எழுந்தார். ஒரு வண்டியைப் பற்றி நல்லதாகப் பேசுவது அவருடைய உத்தியோகத்தில் இதுவரை நேராத சம்பவம். வாய் திறந்தது, மூடியது. "கலர்..." என்றார். கலர் எதுவும் இல்லை. "சத்தம்..." என்றார். அதுவும் இல்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இன்னொரு சுற்றும் வந்தார்.

"அம்மா, நான் பாக்கற வண்டியில எல்லாம் பாதி ரோட்டுலயே போயிருக்கும். இதுல ஒரு நட்டு கூடத் தொலையல. கெட்டுப் போனதெல்லாம் இங்கயேதான் இருக்கு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "இது... பகுதி நஷ்டம்."

அவர் கண் கலங்கியிருந்தது. மாவு பட்டுவிட்டதாகச் சொன்னார். அந்த அம்மா யோசித்து, ஓட்டும்போது கட்டாயம் ஹெல்மெட் போட வேண்டும் என்று இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு, வண்டியைக் கொடுத்தார்.

மச்சானின் கார் சின்னது. முன் சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் கழற்றினால் பின்சீட்டில் வண்டி நுழைந்துவிடும். கண்ணாடிக்காரர் ஸ்பேனரை எடுத்தார். முன் சக்கரம் வந்தது. ஹேண்டில்பார் வந்தது. கை சூடு பிடித்துவிட்டது. சீட் வந்தது, டேங்க் வந்தது, சைலன்சர் வந்தது, மட்கார்டு வந்தது, கேட்காமலே பின் சக்கரமும் வந்தது. அந்த அம்மா கொடுத்த கேக் தட்டில் நட்டுகளை அழகாக அடுக்கினார். அன்று முழுவதும் அவர் இவ்வளவு சந்தோஷமாக இருக்கவில்லை.

வீட்டுத் தெருவுக்குத் திரும்பும்போதுதான் மச்சான் கேட்டார். "மாப்பிள்ளை, தங்கச்சி என்ன சொன்னா? முழுசான்னுதானே?"

தெருமுனையிலிருந்த சலவைக் கடை ஓரமாகக் கார் நின்றது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

நடைபாதையில் எல்லாவற்றையும் பரப்பினார்கள். கண்ணாடிக்காரர் ஒரு நட்டை எடுத்துப் பார்த்துத் திரும்பக் கீழே வைத்தார். "எதுக்கு அப்புறம் எதுன்னே தெரியல மச்சான்."

"ஆக்சிடென்ட்ல எது முதல்ல கழண்டு விழும், எது கடைசியில விழும்னு எனக்குத் தெரியும். நான் திருப்பிச் சொல்றேன், நீங்க மாட்டுங்க. பின் சக்கரம்."

பின் சக்கரம் ஏறியது. டேங்க் ஏறியது, தப்பாக ஏறியது, இறங்கி மறுபடி ஏறியது. சலவைக் கடைக்காரர் தேய்த்துக்கொண்டிருந்த சட்டையை விட்டுவிட்டு வெளியே வந்தார்.

"சார், இதைக் கழட்டறீங்களா, மாட்டறீங்களா?"

"மாட்டறோம்."

"பாத்தா தெரியலயே."

முன் சக்கரம்தான் மிச்சம். கண்ணாடிக்காரர் அச்சைப் பொருத்துவார், நழுவும், பொருத்துவார், நழுவும். நிமிர்ந்தால் எதிரில் மனைவி, கையில் காய்கறிப் பையோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

கடையில் தினமும் இப்படித்தான். கழன்ற கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, கண் சரியாகத் தெரியாமல், ஒருவர் எதிரில் நின்றுகொண்டிருப்பார். அவர் காத்திருக்கிறாரே என்று கடுகளவு திருகாணியைக்கூட இவர் கை தானாக முடுக்கிவிடும். பின்பக்க அறையில் இவருக்காக யாரும் காத்திருந்ததில்லை.

அச்சு நுழைந்தது. நட்டு இறுகியது. மச்சான் கையை எடுத்தார், வண்டி நின்றது, ரெண்டு சக்கரத்தில். மூவருமாகத் தள்ளிப் போய் வாசலைத் தாண்டும்போது சலவைக் கடைக்காரர் கை தட்டினார்.

அறைக்குள் வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "தரை போடறவரை வர வேண்டாம்னு சொல்லிடு."

"அவர் வரட்டும். பாதி ரூமுக்கு மட்டும் போடச் சொல்றேன். அந்தப் பக்கம் உங்க வண்டி, இந்தப் பக்கம் என் முட்டிவலிக்காரங்க."

"ஜெயிச்சது நான்தானே?"

"நீங்கதான். ஆனா எதிர்ல ஆள் இருந்தாத்தானே உங்க கை எதையும் திரும்ப மாட்டுது. அவங்க படுத்துக்கிட்டே பாத்துட்டு இருப்பாங்க. கால் தூக்குனா வண்டி மேல படாம மட்டும் நிறுத்திக்குங்க."

கண்ணாடிக்காரர் வண்டியைச் சுவர்ப்பக்கம் ஒதுக்கினார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெய் ஊற்ற ஆரம்பித்தார். மச்சான் டார்ச்சை எடுத்துக்கொண்டு அறையின் மூலைக்கு நடந்தார்.

"இந்தச் சுவர்ல..."

"அண்ணா, வாயைத் திறக்காத."