மருந்து கெட்டிக்கிற நேரம்

என் மனைவி ஜெர்மேன் போய்ச் சேர்ந்த பிறகு எனக்குப் பேச்சுத்துணை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்றைக்கு என் சிநேகிதன் மார்சியாலும் நானும் சதுப்பு ஓரமாகக் கவுதாரி சுடப் போவோம். நடக்கும்போது வாயைத் திறந்தால் பறவை எழும்பிவிடும். சுட்ட பிறகுதான் பேச்சு. ஒருவன் துப்பாக்கிக்கு மருந்து கெட்டிக்கும்போது மற்றவன் ஓரடிகூட முன்னே போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வேட்டை மரியாதை. நாயும் உட்கார்ந்துவிடும். குழல்வாயில் வெடிமருந்தைக் கொட்டி, அட்டை வைத்து, ஈயக்குண்டு போட்டு, மறுபடி அட்டை வைத்துக் கம்பியால் இடித்து முடிப்பதற்குள் பாதிரியார், மாடு, முழங்கால் வலி எல்லாவற்றையும் அலசிவிடுவோம். பேச்சு சூடாக இருந்தால் மார்சியால் வேண்டுமென்றே மெதுவாக இடிப்பான்.

பாரிஸில் ரயில்வேயில் வேலை பார்க்கும் என் மகன், அந்த வருஷமும் வர முடியாததற்கு ஈடாக ஒரு புதுத் துப்பாக்கி அனுப்பினான். நடுவில் மடியும், குழலின் பின்வாய் திறக்கும். ஊசி நீட்டிய காகிதத் தோட்டாவைச் செருகி மூடினால் தீர்ந்தது வேலை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பழையதை மைத்துனனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன், மடையன்.

முதல் நாளே, மார்சியால் மருந்துக் கொம்பைத் திறப்பதற்குள் நான் மறுபடி சுட்டுவிட்டேன்.

"யோவ் எலுவா, பின்னாடி வழியா சோறு ஊட்டுற துப்பாக்கிய இப்பத்தான்யா பாக்குறேன்!" சிரிப்பு அவன் உதட்டோடு நின்றது. "நீ போய்க்கிட்டே இரு. எனக்காக நிக்காத."

நின்றேன். ஆனால் சும்மா நிற்கிறவன் முன்னால் அவனுக்குப் பேச வரவில்லை. கூச்சத்தில் அவசர அவசரமாக இடித்தான். அதற்கப்புறம் அவன் வரவே இல்லை. நான் சுவரோடு பேசும் நிலைக்கு வந்துவிட்டேன்.

பனி விழத் தொடங்கியபோது ஒரு ஞாயிறு காலை கதவைத் தட்டினான். கையில் அதே மாதிரித் துப்பாக்கி.

"கிடாரிய வித்துட்டேன்யா. பொண்டாட்டி இன்னும் திட்டி முடிக்கல. இப்ப நாம சரிக்குச் சமம்!"

அவனைக் கட்டிக்கொண்டேன். மகன் அங்கேயே கல்யாணம் முடித்துவிட்டான், இனி ஊர்ப்பக்கம் வரமாட்டான் என்ற சேதி முந்தாநாள்தான் வந்திருந்தது. அதை ஒருவரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

சுட்டோம், மடித்தோம், செருகினோம், நடந்தோம். மதியத்துக்குள் பை நிரம்பிவிட்டது. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

ஈரத்தில் காகிதத் தோட்டா உப்பிச் சிக்கிக்கொள்ளும் என்று சொல்வார்கள். என்னுடையது சிக்கவில்லை. இருந்தாலும் கத்தினேன்.

"மார்சியால், தோட்டா சிக்கிக்கிச்சு! கொஞ்சம் நில்லுய்யா!"

திரும்பி வந்தான். நான் புல்மேட்டில் உட்கார்ந்து, "என் மகன் இருக்கானே..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவன் என் துப்பாக்கியை மடித்து, ஊசியைப் பிடித்து இழுத்தான். தோட்டா வழுக்கிக்கொண்டு வந்தது.

"இதுக்கா கூப்பிட்ட? இந்தா." பையிலிருந்து சின்னக் கொக்கி ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். "கடைக்காரன் ரெண்டு குடுத்தான். சிக்கினா இதால இழு. இனிமே நீ யாருக்காகவும் காத்துக்கிட்டு நிக்க வேணாம்."

பாசமாகத்தான் கொடுத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் நாயோடு கரையைத் தாண்டிப் போயிருந்தான்.