உபயக் குழாயும் ஒரு விசாரணையும்

விசாரியாமல் ஒரு சொல்லும் சொல்வதில்லை என்பது தசரதனாரின் விரதம். வருவாய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவராதலின், தம் அறிவு ஒரு தராசு என்றும், அதன் முள் எப்பக்கமும் சாயாது என்றும் உறுதியாக நம்பியிருந்தார். அத்தராசின் ஒரு தட்டில் தாமே ஏறி அமர்ந்திருப்பது மட்டும் அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி அவர் வீடு. கீழே அவரும் மனைவி மணியம்மாளும். மாடியில், தை மாதம் குடிவந்த செவிலியர் கவிநிலாவும் அவள் மகள் தென்றலும். தென்றலுக்கு அடுத்த மாதம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. இந்த வேளை பார்த்துத்தான், வீட்டைக் காலி செய்யுமாறு தசரதனார் தீர்ப்பளித்திருந்தார். குற்றம், தண்ணீர். மாலையில் நிரப்பிய மொட்டைமாடித் தொட்டி விடியலில் வறண்டு கிடந்தது.

"நர்ஸ் வேலை. போறதுக்கு முன்ன ஒரு குளியல், வந்ததும் ஒரு குளியல். தண்ணி ஜாஸ்தி செலவாவாம இன்னா ஆவும்?" என்று எதிர்ச்சாரி டீக்கடைத் திருமலையிடம் கேட்டார்.

"அதான் சார், வேற இன்னா?" என்றான் திருமலை.

அச்சாட்சியம் அவருக்குப் போதுமானதாயிருந்தது. நாள்தோறும் காலையில் அதே வினாவை அதே சாட்சியிடம் கேட்டு, அதே விடையைப் பெற்று, வழக்கு வலுத்துக்கொண்டே வருவதாக மகிழ்ந்தார்.

மணியம்மாள்தான் குறுக்கிட்டாள். "ஏங்க, மார்கழியிலயே ரெண்டு வாட்டி வாசல் தெளிக்கத் தண்ணியில்லாம நின்னேனே. அப்ப மாடி பூட்டித்தானே கெடந்துச்சி?"

"அது கரண்டு கோளாறு. மோட்டார் ஓடியிருக்காது."

"ஓட்டினது நீங்கதானே?"

"உனக்கு விசாரணை முறை தெரியாது."

உடன்படுகின்றவன் சாட்சி, மறுக்கின்றவள் மனைவி. இதுவே அவர் கண்ட விசாரணை முறை.

மாசிப் பௌர்ணமிக்கு முந்தின நாள், கவிநிலா மகளை அழைத்துக்கொண்டு போளூரிலுள்ள அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டாள். "ஞாயித்துக்கிழமை அண்ணன் வண்டியோட வரேன் சார். சாமானை ஏத்திடறோம்" என்று சொல்லிச் சாவியை மணியம்மாளிடம் கொடுத்துச் சென்றாள்.

தசரதனாருக்குள் உறங்கிய ஆய்வாளர் விழித்துக்கொண்டார். மாடி பூட்டியிருந்தால் தொட்டி நிரம்பியே நிற்கும். மனைவியின் வாயும் அடைபடும். பௌர்ணமி மாலை தாமே மோட்டாரைப் போட்டு, தொட்டி வழிந்ததைக் கண்ணாரக் கண்டார். மணியம்மாளையும் அழைத்துக் காட்டினார்.

மறுநாள் ஞாயிறு. காலையில் குழாயைத் திருகினார். அது ஒருமுறை செருமிவிட்டு ஓய்ந்தது.

அதற்கும் அவர் தளரவில்லை. "வேணும்னே குழாயைத் தெறந்துட்டுப் போயிருக்கா" என்று சாவியுடன் மாடியேறினார். உள்ளே எல்லாக் குழாய்களும் இறுக மூடியிருந்தன. குளியலறைத் தரை உலர்ந்து கிடந்தது. மூலையில் ஒரு வாளி. அதன் உட்புறம் பாதியளவில் நகச்சாயத்தால் ஒரு சிவப்புக் கோடு. கோட்டின்மேல் தென்றலின் கையெழுத்தில், 'இவ்ளோதான்!'

அக்கோட்டைக் கண்ட பின்னும் அவர் மனம் தப்பும் வழியையே தேடிற்று. சுவருக்குள் கசிவோ? வீடு கட்டிய மேஸ்திரியின் வேலையோ? அல்லது பக்கத்து வீட்டுக்காரனோ? ஆளுக்கொரு குற்றத்தைப் பகிர்ந்தளித்தவாறே படியிறங்கி வாசலுக்கு வந்தார்.

வாசற் சுவரில் இருந்தது உபயக் குழாய். கிரிவலம் வருவோர் தாகம் தணிய, கார்த்திகை தீபத்தின்போது அதே தொட்டியிலிருந்து இணைப்பு எடுத்து அவரே வைத்தது. அதற்கு மேல் சலவைக்கல்: 'உபயம்: தசரதன், வருவாய் ஆய்வாளர் (ஓய்வு)'. நாள்தோறும் அக்கல்லைத் துடைப்பார், ஒருமுறை படிப்பார், அதற்குக் கீழே பார்வை இறங்கும் வழக்கமில்லை.

அன்று இறங்கிற்று. குழாய் முழுதும் திறந்தபடி இருந்தது. அதன் கீழே ஒரு நீல நிற டிரம். டிரம்மின் அருகில் திருமலை.

"சார், மோட்டார் போடுங்க. தண்ணி நின்னுப்போச்சி. பௌர்ணமியில்ல, நைட்டெல்லாம் ஜனம் காலு கழுவி, கேன்ல புடிச்சி..."

"நீ தெனமும் இங்கேயா புடிக்கிற?"

"நீங்கதானே சார் சொன்னீங்க, எவ்ளோ வேணா புடிச்சிக்கோ, புண்ணியம்னு!"

"அப்போ தண்ணி எங்கடா போவுதுன்னு உன்னைக் கேட்டேனே?"

"எங்க சார் கேட்டீங்க? மாடியில இருக்கறவங்கதான்னு நீங்களே சொன்னீங்க. ஆமான்னேன். போணி நேரத்துல எதுக்கு சார் எதிர்ப்பேச்சு?"

தாம் ஒரு நாளும் வினவியதேயில்லை, விடையைச் சொல்லிவிட்டுத் தலையாட்டலைத்தான் வாங்கிவந்திருக்கிறோம் என்பது தசரதனாருக்கு அப்போதுதான் உறைத்தது. குற்றவாளியைத் தேடி மாடிக்கும் கடைக்கும் அலைந்தவர், அவன் பெயரைச் சலவைக்கல்லில் பொறித்து, நாள்தோறும் பயபக்தியுடன் துடைத்தும் வந்திருக்கிறார்!

நண்பகல்வரை ஓர் உரையை ஒத்திகை பார்த்தார். "புதிதாகத் தெரியவந்துள்ள சில காரணங்களை முன்னிட்டு..."

"அந்தக் காரணத்துக்குப் பேரு இல்லியா?" என்றாள் மணியம்மாள்.

வண்டி வந்து நின்றது. கவிநிலா இறங்கியதும் உரை முழுவதும் மறந்துபோயிற்று.

"காரணம் நான்தாம்மா" என்றார். "தண்ணியெல்லாம் வாசக் கொழாய்லதான் போயிருக்குது. அங்க என் பேரு இருந்துச்சில்ல, அதனால பாக்கத் தோணல. நீங்க போவவேணாம். பாப்பா நல்லபடியா பரீட்சை எழுதட்டும்."

கவிநிலா வண்டிக் கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "ரெண்டு தரம் வந்து சொன்னேன் சார், நாங்க இல்லன்னு. பேப்பர்லேருந்து தலையைக்கூட எடுக்காம, விசாரிச்சாச்சுன்னீங்க. அன்னிலேருந்து ரெண்டு பேரும் அரை வாளியிலதான் குளிக்கிறோம்."

"வாளியைப் பாத்தேம்மா. விசாரிச்சது நெசம்தான்... திருமலையை."

தென்றல் களுக்கென்று சிரித்துவிட்டாள். கவிநிலா சிரிக்கவில்லை, ஆயினும் அண்ணனைத் திரும்பிப் பார்த்து, "சாமான் ஏத்தவேணாம்ணா" என்றாள். பின்பு தசரதனாரிடம், "பரீட்சை முடியறவரைக்கும் இருக்கறோம் சார். அப்புறம் நாங்க யோசிச்சிச் சொல்றோம்" என்றாள். 'நாங்க' என்பதை அவள் அழுத்திச் சொன்னதை அவர் குறித்துக்கொண்டார். நியாயந்தான்.

மறுநாள், கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் குழாயொன்றை வாசலில் மாட்டிவிட்டு, டீ குடிக்கப் போனார்.

"எனக்கு அப்பவே தெரியும் சார், அந்தம்மா அப்பிடிப்பட்டவங்க இல்லன்னு" என்றான் திருமலை.

தசரதனாரின் தலை பழைய பழக்கத்தில் அசையத் தொடங்கியது. பாதியில் அதை நிறுத்திக்கொண்டார்.

"எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்.

திருமலை டீ ஆற்றுவதை விட்டுவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னா சார், ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"