நீலத்தின் மூலை

ஒரு வீட்டின் நிம்மதிக்கு நான் சொன்ன விலை டஜன் அறுநூறு. பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு ஐந்நூற்றைம்பது.

தையல்காரம்மா பேரம் பேசவில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு பாலிதீன் பையை என் வண்ணமீன் கடை மேசையில் வைத்தாள். உள்ளே செத்த மஞ்சள் சிக்லிட் மீன். வால் நார்நாராகக் கிழிந்து, ஒரு கண் இருந்த இடத்தில் வெறும் பள்ளம்.

"இதான் கடைசி மஞ்சள், அண்ணே. மத்ததையும் அந்த நீலந்தான் கொன்னுச்சு."

"நீலத்துமேல தப்பில்லம்மா. சிக்லிட் புத்தியே அப்படி. மொத்தத் தொட்டிக்கும் தன் பேர்ல பட்டா இருக்குன்னு நெனைக்கும். ரெண்டு மூணு விட்டா ஒண்ணொண்ணா முடிச்சிரும். பன்னெண்டு விடுங்க, அடி பங்காயிடும். எதுவும் சாகாது."

வியாபாரச் சிரிப்பு ஒன்றை உதிர்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கன்னத்து வீக்கம் அப்போதுதான் கண்ணில் பட்டது.

"கல்யாணமாகி இருவத்திரெண்டு வருஷம். எங்க வீட்லயும் பங்காத்தான் இருந்துச்சு. பெரியவளக் கட்டிக் குடுத்தோம். போன மாசம் சின்னவளும் கட்டிக்கிட்டுப் போயிட்டா. இப்ப மொத்தமும் எனக்கே."

வாய் சும்மா இருந்தால் கடை ஓடாது என்று வளர்ந்தவன் நான். எதையாவது சொல்ல வேண்டுமே என்று தொழில் ரகசியத்தைச் சொல்லிவைத்தேன்: "புது மீன் விடுறதுக்கு முன்னாடி உள்ள கெடக்குற கல்லையெல்லாம் இடம் மாத்தணும். தன் மூலை எதுன்னு தெரியாம பெரியவன் கொஞ்ச நாள் அடங்கிக் கெடப்பான்."

மறுநாள் மீன்களைக் கொண்டுபோனேன். தொட்டியில் கற்கள் மட்டுமல்ல, வீடே இடம் மாறியிருந்தது. கட்டில் கூடத்துக்கு வந்திருந்தது. நாற்காலி அடுப்படியில் துணி மூட்டையைச் சுமந்துகொண்டிருந்தது. வாசலுக்கு நேரே தையல் மெஷின். அதன் பின்னால் பெரிய கத்தரியோடு அவள்.

மீன்களைத் தண்ணீரில் விட்டு நிமிர்வதற்குள் புருஷன் வந்தான். எடைமேடையில் லாரிக்காரர்களை அதட்டுகிற குரல் வாசலிலேயே சிக்கிக்கொண்டது. கை மட்டும் பழக்கத்தில் சுவர் ஆணிக்குப் போனது. அங்கே அளவு நாடா தொங்கியது.

"பெல்ட்டு எங்கடி?"

"தேடிக்கோங்க."

வெறுங்கையால் அறைந்தான். அவள் உதடு பிளந்தது. மறுபடி ஓங்கிய கை, நிமிர்ந்திருந்த கத்தரியின் மேல் இறங்கியது. அவள் அதை நகர்த்தவில்லை, அவ்வளவுதான். வெட்டி வைத்திருந்த வெள்ளைத் துணியெல்லாம் சிவந்தது. உள்ளங்கையைப் பிடித்தபடி உட்கார நாற்காலி தேடினான். இருந்த இடத்தில் அது இல்லை.

தொட்டியின் நடுத்தண்ணீரில் நீலம் அசையாமல் நின்றது.

ரத்தத்தைத் துப்பிவிட்டு, "கணக்கச் சொல்லுங்க அண்ணே" என்றாள்.

மீன் பன்னிரண்டு, அது நேர். அடி, அவளுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. பாக்கி, இருபத்திரண்டு வருஷம்.