சுறாவின் மேல் போட்ட பழி

காலை ஆறு மணிக்கு எவாரிஸ்டோ படகுத்துறைக்கு வந்தபோது அவர் படகு சுத்தமாக இருந்தது. மூன்று நாளாக இப்படித்தான். பயணிகள் உட்காரும் மெத்தையில் எச்சம் இல்லை, கக்கிப் போட்ட மீன்முள் இல்லை, நாற்றம் இல்லை. வாளியும் பிரஷ்ஷும் காய்ந்து கிடந்தன. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் மனசு ஒட்டவில்லை.

சான் கிறிஸ்டோபல் தீவில் படகு வைத்திருப்பவன் கடல்சிங்கத்தோடு மல்லுக்கட்டாமல் பிழைக்க முடியாது. இருட்டினால் போதும், பின்பக்கமாகத் தாவி ஏறி, வாடகை கொடுத்தவன் மாதிரி படுத்துக்கொள்ளும். நங்கூரம் போட்டிருக்கும் சுற்றுலாக் கப்பல்களுக்கு ஆள் ஏற்றி இறக்குவது எவாரிஸ்டோவின் தொழில். போன மாதம் ஒரு வெளிநாட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் படகை விட்டு இறங்கி அடுத்த படகில் ஏறினாள். அடுத்த படகு ஃபாஸ்டோவுடையது. ஃபாஸ்டோ, செத்துப்போன அவர் மனைவி நார்சிசாவின் தம்பி.

"இது என்ன மச்சான், படகா மாட்டுக்கொட்டகையா?" என்று அவன் சிரித்தான். "என்னை மாதிரி பலகையில ஆணி அடிச்சுப் பின்னாடி மாட்டு. ஒரு தடவை குத்து வாங்கினா அப்புறம் இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காது."

அடித்தார். நாலங்குல ஆணி ஆறு, வரிசையாக, முனை மேலே பார்த்து. சாயங்காலம் மாட்டுவது, விடிந்ததும் கழற்றி மெத்தைக்கு அடியில் ஒளிப்பது. கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனாலும் துறையில் பாதிப் படகுகளில் அந்தப் பலகை உண்டு. யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். அது அவர்களுக்குள் எழுதாத ஒப்பந்தம்.

மாட்டிய மறுநாள் காலையிலேயே மூன்று ஆணிகளில் ரத்தம் காய்ந்திருந்தது. கடல்தண்ணீர் ஊற்றிக் கழுவினார். கழுவும்போது நார்சிசாவின் நினைப்பு வந்தது.

கல்யாணமான புதிதில் அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு மரப்படகு. அப்போது கரை முழுக்கக் கடல்சிங்கங்கள்தான். கால் வைக்க இடம் தேடி நடக்க வேண்டும். ஒரு பெட்டை அந்தப் படகைத் தன் வீடாகவே ஆக்கிக்கொண்டது. நார்சிசா காலையில் வாளியோடு வந்து இடுப்பில் கை வைத்து நிற்பாள். "மகாராணி, எழுந்திருங்க. எங்க வீட்டு ஐயா வேலைக்குப் போகணும்" என்பாள். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுக்கும். இவள் தண்ணீரை விசிறுவாள். அது சலித்துக்கொண்டே கடலில் விழும். பிறகு இரண்டு பேரும் படகைக் கழுவுவார்கள். கழுவி முடிப்பதற்குள் அவர் மேல் ஒரு வாளித் தண்ணீராவது விழுந்திருக்கும். அதற்கு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே படகு தினமும் அழுக்காகக்கூடாதா என்றிருக்கும் அவருக்கு. கழுவுவது ஒரு வேலையாகவே தோன்றாத காலம் அது. அவள் போன பிறகுதான் வாளி கனக்க ஆரம்பித்தது.

படகு மூன்றாம் நாளாகச் சுத்தமாக இருந்த அந்தக் காலையில் கடற்கரையின் கோடியில் கூட்டம் கூடியிருந்தது. பாறை ஓரம் ஒரு பெட்டைக் கடல்சிங்கம் படுத்துக் கிடந்தது. வயிற்றில் மூன்று துளைகள், சுற்றிலும் வீங்கிச் சீழ் வைத்திருந்தது. இரண்டு மாதக் குட்டி ஒன்று மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் டாக்டர் சிமேனா மண்டியிட்டிருந்தாள். பன்னிரண்டு வருஷமாக இந்தக் கரையில் கடல்சிங்கங்களை எண்ணி, எடை போட்டு, துடுப்பு மாதிரி இருக்கும் முன்காலில் மஞ்சள் வில்லை மாட்டி ஆராய்ச்சி செய்கிறவள்.

"எப்படி ஆச்சு இது?" என்று கேட்டாள்.

"சுறா, டாக்டரம்மா" என்றான் ஒரு படகுக்காரன்.

"மூணே மூணு பல்லு இருக்கிற சுறாவா?"

"கிழட்டுச் சுறா. எங்க மாமியாருக்குக் கூட மூணுதான் மிச்சம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"இப்ப இருக்கிற வீக்கத்துல பல்லா வேற ஏதாவதான்னு என்னால சொல்ல முடியல. சுறா கடிச்சதுன்னா நான் கை வைக்கக் கூடாது. கடல் பண்றதைக் கடலே பாத்துக்கணும், அதுதான் இங்க விதி. மனுஷன் பண்ணின காயம்னா மட்டும்தான் மருந்து குடுக்கலாம். சரணாலய ஆபீஸுக்கு வெறும் சந்தேகத்தை எழுதி அனுப்பினா அனுமதி வராது." குட்டியைப் பார்த்தாள். "இந்தத் தாய் நாளைக்குத் தாங்காது. தாய் போனா குட்டியும் போச்சு. ஒண்ணோட குட்டிக்கு இன்னொண்ணு பால் குடுக்காது. நாப்பது வருஷத்துல கடல்சிங்கமே பாதிக்கு மேல குறைஞ்சு போச்சுங்க. யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க."

எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் கடலைப் பார்த்தார்கள்.

ஃபாஸ்டோ எவாரிஸ்டோவின் முழங்கையைப் பிடித்தான். "வாயத் திறக்காத மச்சான். படகு ஓட்டுற பெர்மிட்டு போயிடும். உன்னோட நிக்காது, பாதித் துறை மாட்டும்."

பெர்மிட்டு போனால் என்ன ஆகும் என்று எவாரிஸ்டோவுக்குத் தெரியும். ஐம்பத்தெட்டு வயதில் மூட்டை தூக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். இருபது அடி போனதும் பின்னால் குட்டி கத்தியது. படுத்தபடியே தாய் பதில் கொடுத்தது. தொண்டை கிழிந்த மாதிரி ஒரு சத்தம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த நார்சிசா, "படகைக் கழுவிட்டீங்களா?" என்று கேட்டதும் அப்படி ஒரு குரலில்தான்.

நேரே படகுக்குப் போனார். மெத்தைக்கு அடியிலிருந்து பலகையை உருவினார். பட்டப்பகலில், எல்லார் கண்ணுக்கும் தெரிய, தோளில் வைத்துக்கொண்டு கரையோரமாகவே நடந்து வந்தார். சிமேனாவின் முன்னால் மணலில் போட்டார்.

"சுறா இல்லம்மா. நான்தான்."

அவள் ஆணிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை அளந்தாள். பிறகு காயத்தை அளந்தாள். இரண்டும் ஒன்று.

"பெர்மிட்டு போகும்னு தெரியுமா அண்ணே?"

"தெரியும். நீ முதல்ல ஊசியப் போடு."

மதியத்துக்குள் அனுமதி வந்தது. வலை போட்டுப் பிடித்து, மயக்க மருந்து கொடுத்து, புண்ணைக் கீறிச் சீழை எடுத்தார்கள். வலையின் ஒரு முனையைப் பிடித்திருந்தவர் எவாரிஸ்டோ. ஆறாம் நாள் அது தள்ளாடிக் கடலில் இறங்கியது. இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து குரல் கொடுத்தது. குட்டி விழுந்தடித்துக்கொண்டு ஓடியது.

பெர்மிட்டை நாலு மாதம் நிறுத்தி வைத்தார்கள். எவாரிஸ்டோ துறையில் சிமெண்டு மூட்டை இறக்கப் போனார். ஆணி எதுவும் வேண்டாம், தாவ முடியாத உயரத்துக்கு வழவழப்பான பலகை வைத்தாலே போதும் என்று சிமேனா ஒவ்வொரு படகாகப் போய்ச் சொன்னாள். கேட்டவர்கள் கொஞ்சம் பேர். பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள் நிறையப் பேர். அவளோடு அல்ல, எவாரிஸ்டோவோடு.

ஒரு மதியம் அவர் நிழலில் உட்கார்ந்து சூரை மீனும் மரவள்ளிக்கிழங்கும் போட்ட சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தபோது ஃபாஸ்டோ வந்து நின்றான்.

"ஒரு மிருகத்துக்காகப் பிழைப்பைத் தொலைச்சிட்டு மூட்டை தூக்குற. சுறான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? சுறா வந்து சண்டைக்கா நிக்கப் போகுது?"

எவாரிஸ்டோ கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நிக்காதுடா மாப்ள. அதான் எல்லாத்தையும் அது தலையில கட்டுறோம். கரை காலியாப் போனதுக்குக் கடல் சூடுங்கிறோம், மீன் இல்லைங்கிறோம், சுறாங்கிறோம். அதெல்லாம் இருக்கும், நான் இல்லைங்கல. ஆனா நம்ம கையால பண்ணினதையும் அதோட சேத்து எழுதிட்டா, அதுக்கு மருந்தே கிடையாதுன்னு அந்தப் பொண்ணு சொன்னா பாரு. உங்க அக்கா விரட்டி விரட்டி எழுப்பின ஜீவன் இது. நாம பண்ணின காயத்தை நாமதான் பண்ணினோம்னு ஒத்துக்கணும். அப்பத்தான் அது ஆறும்."