கேக்காத கிருமி

செஞ்சி கடைத்தெரு மளிகைக்காரர் வெங்கடரமணன், காதில் சீழ் வடிந்தால் இரண்டு நாள் மாத்திரை போடுவார். வலி நின்றதும் மீதி மாத்திரைகளைக் கடையில் இருமுகிறவர்களுக்குக் கொசுறாகக் கொடுத்துவிடுவார். "எனக்குக் கேட்டுடுச்சு, அப்புறம் எதுக்கு வேஸ்ட்டு?" என்பார். இந்தத் தாராளத்தில் அவர் மனைவி வேதநாயகிக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. என்ன சொல்வது!

ஒருநாள் சர்க்கரை கேட்டவளுக்கு அவர் சோப்பை உடைத்து நிறுத்துப் போட்டார். உடம்போ அனலாகக் கொதித்தது. வேதநாயகி அலறியடித்துக்கொண்டு புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப்போனாள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் மோனிகா சொன்னார்: "காதுல இருந்த சீழ் மூளைக்குப் போய் கட்டியா நிக்குது. மண்டையில துளை போட்டு எடுக்கணும். சாதாரண மாத்திரைக்கெல்லாம் இனிமே கேக்காதும்மா."

"கேக்காட்டி போவுதுங்க. கல்யாணம் ஆனதுல இருந்து நான் சொல்றது எதுவும் அவருக்குக் கேட்டதில்ல. அதுக்குப் போய் மண்டைய இன்னாத்துக்கு ஓட்ட போடணும்?"

டாக்டருக்குப் புரியச் சற்று நேரமானது. "காது இல்லம்மா, கிருமி! அரைகுறையா மாத்திரை போட்டுப் போட்டு, கிருமிக்கு மருந்து பழகிடுச்சு. எடுக்கலைன்னா உயிருக்கே ஆபத்து."

வேதநாயகி பேனாவை வாங்கினாள். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

கட்டியை எடுத்தார்கள். ஒரே ஒரு மருந்துக்குத்தான் அந்தக் கிருமி அடங்கியது. அதை ஆறு வாரம் ஊசியில் ஏற்ற வேண்டும். முதல் வாரத்திலேயே காய்ச்சல் விட்டது. வெங்கடரமணன் எழுந்து உட்கார்ந்தார்.

"வேதா, கேட்டுடுச்சு. மீதி ஊசிய பக்கத்துக் கட்டில்காரருக்குப் போடச் சொல்லு. என் வேட்டி எங்க?"

"நம்ம புள்ள நரேஷ்கிட்ட குடுத்து செஞ்சி பஸ் ஏத்திட்டேன்."

"சட்டை?"

"அதுவும் போயிடுச்சு."

அவர் குனிந்து பார்த்தார். முதுகுப்பக்கம் முழுக்கத் திறந்திருக்கும் ஆஸ்பத்திரி அங்கி ஒன்றுதான் உடம்பில் இருந்தது.

"இதோட பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போங்களேன், பாக்கறேன்!" என்று கத்தினாள் வேதநாயகி. "நீங்க இல்லாத வூட்ல நான் மட்டும் இன்னா பண்ணுவேன்?"

வார்டே திரும்பிப் பார்க்க அவள் ஓவென்று அழுதாள். வெங்கடரமணன் போர்வையை இழுத்துப் பின்பக்கத்தை மூடிக்கொண்டு, நர்ஸிடம் கையை நீட்டினார்.