பந்தியில் மேசை இல்லை

ஆடுகளத்தில் குறை எதுவும் இல்லை என்பதை ஹாக்கி லீக் செயலாளர் பிரிட்சர்ட்டே ஒப்புக்கொண்டார். மர ஆலையின் சீக்கியத் தொழிலாளர்கள் இரண்டாண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமரங்களைப் பெயர்த்தெடுத்துச் சமன்செய்த தரை அது. தேநீர்தான் குறை. வந்து ஆடும் அணிக்கு ஆட்டம் முடிந்ததும் மேசை நாற்காலி போட்டுப் பரிமாற வேண்டும் என்பது விதி. இல்லையேல் சொந்தக் களமாகப் பதியமாட்டார்களாம்.

பதியாவிட்டால் எல்லா ஆட்டமும் நகரத்தில். அது நாற்பது மைல். பகல் ஒரு மணிக்கு ஆலைச் சங்கு ஊதியபின் கிளம்பினால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஏற்கெனவே இருமுறை எட்டுப் பேரோடு ஆடித் தோற்றிருந்தார்கள்.

“மேனேஜர் வீட்டுல நாலு மேசை கேட்டு வாங்கிடலாம், வீர்ஜி,” என்றான் கோல்காப்பாளன் பசந்த். “ஒரு சாயங்காலம்தானே?”

அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் வீர்ஜி என்றழைக்கும் அணித்தலைவன் மெஹர் சிங் ஹாக்கி மட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தான். “குருத்வாரா பந்தியில உங்கப்பன் எதுல உக்காந்தாரு?”

“தரையிலதான்.”

“ஆலை முதலாளி வந்தப்போ?”

“அவரும் தரையிலதான். எந்திரிக்க ரெண்டு பேர் கைகொடுத்தோம்.”

“நகரத்துல நமக்கு டீயை ஜன்னல் வழியா நீட்டினாங்க. நாம உள்ள கூப்பிட்டு, பக்கத்துல உக்கார வெச்சுப் போடுறோம். இதுக்கு மேல என்ன மரியாதை வேணுமாம்?”

சனிக்கிழமை, பிரிட்சர்ட் பார்வையிட வந்த ஆட்டத்தில், சொந்தத் தரையில் பதினொருவரும் ஆடினார்கள். இரண்டுக்கு ஒன்று என வென்றார்கள். மழையில் ஊறிய நகர அணியினர் குருத்வாரா வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே நீளப் பாய், வாசலில் ஒரு கூடை நிறையத் தலைத்துணிகள், பருப்பின் மணம்.

“மேசை எங்க?” என்றார் பிரிட்சர்ட்.

“இங்க யாருக்கும் மேசை கிடையாது. செருப்பை அங்க விடுங்க, தலையை மூடிக்கங்க. பாதிப் பேர் உக்காந்தாச்சு,” என்றான் மெஹர்.

அது உண்மை. எதிரணித் தலைவன் ஹாலிஸ் துணியைத் தாடைக்குக் கீழே முடிந்துகொண்டு, சேறு படிந்த கால்களைப் பந்தியின் குறுக்கே நீட்டியிருந்தான்.

“காலை மடக்குப்பா!” பசந்த் சிரித்தான். “ஆட்டத்துலதான் தடுக்கி விட்டே, இங்கயுமா?”

ஏழு பேர் உட்கார்ந்தார்கள். நான்கு பேர் பிரிட்சர்ட்டின் முதுகுக்குப் பின்னால் நனைந்துகொண்டு நின்றார்கள்.

பிரிட்சர்ட் சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தார். “பாரு, மெஹர். ஒரே ஒரு மேசை. நான் மட்டும் உக்காந்தாப் போதும். இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்.”

அந்தக் கையெழுத்தில் தன் அணியின் பருவம் முழுவதும் அடங்கியிருந்ததை மெஹர் அறிவான். பசந்த் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னறையில் கணக்கேட்டுப் பெட்டி வைக்கும் சிறுமேசை ஒன்று இருந்ததும் இருவருக்கும் தெரியும்.

“உங்களுக்கு மட்டும் மேசை போட்டா, இவங்க எல்லாரையும் கீழ உக்கார வெச்சதா ஆயிடும்,” என்றான் மெஹர். “கையெழுத்துப் போட வேண்டாம். அடுத்த சனிக்கிழமையும் மூணு மணிக்கு இங்கதான் கோடு போடுவோம். வர்றவங்க வரட்டும். யாரும் வரலேன்னா எங்களுக்குள்ளயே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு ஆடிக்கறோம்.”

“பதிவேட்டுல உங்க பேரே இருக்காது.”

“களம் இருக்கும்.”

படிவத்தை மடித்துக்கொண்டு பிரிட்சர்ட் நகர அணி வந்திருந்த பேருந்துக்கு நடந்தார்; நால்வரும் தொடர்ந்தார்கள். பேருந்து கிளம்பவில்லை. அதன் ஓட்டுநர் பந்தியின் கடைசியில் இரண்டாவது கிண்ணம் கீரை வழித்துக்கொண்டிருந்தார்.

வெளியே ஹாரன் நீளமாக ஒலித்தது. மெஹர் ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு, பந்தியின் முதல் ஆளிலிருந்து மறுபடி தொடங்கினான்.